காந்தத்தில் ஒட்டாத காசுகள்

அடி அண்ணாமலை,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள அனெக்கே அக்காவுக்கு,

நீங்கள் குடியிருந்த மாடி அறையின் வீட்டுக்காரி சந்திரகலா எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கீழே விழுந்த உங்கள் அப்பா எழுந்து நடக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன் செய்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள், எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது. பஸ் போர்டு படித்துத் தமிழ் கற்றவர் நீங்கள் என்பதால் எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன்.

இங்கே மழை பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. இவர் ஆட்டோவுக்கு எஃப்.சி. வாங்கிவிட்டார். மகள் அறிவுமதி வேங்கிக்காலில் வேலைக்குப் போகிறாள். இதையெல்லாம் எழுதி விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சித்திரையில் அப்பா விழுந்த செய்தி கேட்டு நீங்கள் அவசரமாகக் கிளம்பிய அன்று உங்கள் கார்டு ஏ.டி.எம்.மில் மாட்டிக்கொண்டது. வாடகை பாக்கிக்கு ஈடாக ஒரு துணிப்பையைக் கொடுத்தீர்கள். அப்பா தம் ரொட்டிக்கடைக் கல்லாவிலிருந்து எடுத்துவைத்த ஹாலந்துக் காசுகள், பணம் அனுப்பும்வரை இருக்கட்டும் என்றீர்கள். நீங்கள் போனதும் மேலாக இருந்த ஒரு காசை அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காந்தத்தை வைத்தார், காசு போய் ஒட்டிக்கொண்டது. "இது வெள்ளியே இல்லம்மா, அந்த நாட்டுலயே இப்ப செல்லாது" என்றார். ஒரே ஒரு காசைப் பார்த்து முழுப் பையையும் உங்களையும் சேர்த்து முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் நான் ஆடிய ஆட்டம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். அக்கா என்பதையும் விட்டுவிட்டு, "தகரத்தைத் தந்து ஏமாத்திட்டுப் போயிட்டியே" என்று வாட்ஸ்அப்பில் கத்தினேன். நீங்கள் மறுநாளே முழு வாடகையையும் அனுப்பினீர்கள். அதன் பிறகாவது வாயை மூடினேனா? பௌர்ணமிக்கு வாசலில் மோர் விற்கும்போது, வெளிநாட்டவருக்கு வீடு விடும் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். வருகிற கார்த்திகை தீபத்துக்கு நீங்கள் அறை கேட்டு எழுதியபோது எதிர்வீட்டுக் கன்னியம்மாள் இல்லை என்றது அதனால்தான். அறை இருந்தது அக்கா.

போன வாரம் பையைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன். இவர் கேட்கவில்லை. தேரடிப் பக்கம் பழைய காசு வாங்கும் ஜியாவுல்லா பாயிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாய் எல்லாவற்றையும் துணியில் கொட்டி ஒவ்வொன்றாகக் காந்தத்தில் காட்டினார். சில ஒட்டின. நிறைய ஒட்டவே இல்லை. எல்லாவற்றிலும் அதே ராணி முகம், அதே கிரீடம் வைத்த கேடயம்.

"மூஞ்சிய பாக்காதீங்கம்மா, வருஷத்த பாருங்க. அறுபத்தாறு வரைக்கும் வெள்ளி. அப்புறம் அதே அச்சுல நிக்கல்ல போட்டுட்டாங்க, அதான் காந்தத்துல ஒட்டுது" என்றார் பாய். "பொழங்கித் தேஞ்ச காசு, சேகரிக்கிறவங்க ஜாஸ்தி தரமாட்டாங்க. ஆனா வெள்ளி வெலைக்கே உங்க வாடகையத் தாண்டும்" என்றார். விளிம்பில் பொடி எழுத்தில் கடவுள் நம்மோடு இருக்கட்டும் என்று இருப்பதாகவும் சொன்னார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வந்ததும் வீடு வீடாக ஏறி, நான் சொன்னது பொய், அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். சிலர் சிரித்தார்கள். கன்னியம்மாள், "என்னையும் பாவத்துல சேத்துட்டியேடி" என்று கேட்டாள். கேட்க வேண்டியதுதான்.

பையில் ஒரு காசும் குறையவில்லை. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. அப்பா உடம்பு தேறியிருந்தால் தீபத்துக்கு வாருங்கள். கன்னியம்மாள் உங்களுக்கு அறை ஒழித்துவிட்டாள். சுண்ணாம்பு அடித்ததும் கூட்டிக் கழுவியதும் நான்தான். என் மாடியை வேறு யாருக்கும் விடவில்லை. அங்கேயே வந்து இருங்கள் என்று கேட்கிற வாய் எனக்கு இல்லை.

அப்பாவை அண்ணாமலையார் நல்லபடி வைக்கட்டும்.

தலைகுனிந்து,
சந்திரகலா