மூன்றாம் ஆள்

சான் ஹோசே
22.3.2000

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். ஜனவரியில் உங்கள் சொல்லை மீறி நாட்டின் மறுகரைக்கு இந்த வேலைக்கு வந்ததிலிருந்து நீங்கள் தொலைபேசிக்கு வருவதில்லை. எனக்கும் வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

மேயர் அலுவலகத்தில் என்னைக் குடிசனக் கணக்கெடுப்பு வேலைக்கு விட்டிருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் படிவத்தை அனுப்பச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் "ஹூஸ்டனில எத்தனை சனம்? மேயர் ஆர்?" என்று நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழக்கியது உதவுகிறது. ஊர்களின் சனக்கணக்கை எழுதிவைக்கும் உங்கள் கொப்பியில் குறியுங்கள்: இங்கே ஒன்பது இலட்சம் பேர் வரும் என்கிறார்கள். வெள்ளையர், மெக்சிக்கர், ஆசியர் எவரும் பாதிக்கு மேல் இல்லை. டெட்ரோயிட் பத்து இலட்சத்துக்குக் கீழே இறங்கும் என்று பேச்சு.

உங்கள் படிவத்தில் மூன்றாம் ஆளாக என் பெயரையும் எழுதியிருக்கிறீர்களாம், அம்மா சொன்னா. ஏப்ரல் முதலாம் திகதி எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் எழுத வேண்டும். வெட்டிவிடுங்கள் அப்பா.

அன்பு மகள்
வதனி

பிளெய்ன்ஸ்பரோ
2.4.2000

மகள் வதனிக்கு,

யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வருடம் வாக்காளர் இடாப்போடு வீடு வீடாக அலைந்தவனுக்கு நீ விதி சொல்லித் தருகிறாய். சந்தோஷம். லண்டனுக்குப் போன பிள்ளைகளின் தாய்மார் வாசல் படலையில் நின்று, "பெடியன் வந்திடுவான் ஐயா, பேரை வெட்டிப்போடாதேங்கோ" என்பார்கள். நான் ஒருவரையும் வெட்டவில்லை.

உன் மேயருக்கு ஒன்பது இலட்சம் பேர். எனக்கு மூன்று பேர்.

படிவம் தபாலில் போய்விட்டது. அம்மா மிளகாய்த்தூள் அனுப்புகிறா.

தம்பிராஜா

சான் ஹோசே
12.4.2000

அன்புள்ள அப்பாவுக்கு,

மிளகாய்த்தூள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் தும்மினார்கள்.

நேற்று ஒரு சென்னைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுச் சாந்தாமணி ஆன்ட்டி பாதி திறந்து, "நாங்க ரெண்டே பேர்தாம்மா" என்றார். வாசலில் ஏழு சோடிச் செருப்பு. நான் செருப்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "லீஸ்ல ரெண்டு பேர்தான் இருக்கு. அபார்ட்மென்ட் மேனேஜருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவான். நீ நம்ம பொண்ணாட்டம் இருக்கே, சொல்லிடாதே!" இந்த விவரம் மேனேஜருக்குப் போகாது என்று விளங்கப்படுத்த அரைமணி நேரம் எடுத்தது. கடைசியில் ஏழு பேரையும் எழுதினார்.

அவ்வளவு கதைத்த நான் என் படிவத்தை இன்னும் அனுப்பவில்லை. மேசையில் கிடக்கிறது. எழுதினால் உங்கள் மகள் இரண்டு ஊரில் எண்ணப்படுவாள். எழுதாவிட்டால் நான் இங்கே வரவே இல்லை என்றாகிவிடும். என்ன செய்யட்டும்?

வதனி

பிளெய்ன்ஸ்பரோ
14.5.2000

அன்பு மகள் வதனிக்கு,

படிவம் தபாலில் போனதென்று எழுதியது பொய். கொப்பிக்குள்தான் வைத்திருந்தேன்.

நேற்று கணக்கெடுக்க ஒரு குஜராத்திப் பிள்ளை வந்தாள். உன்னைப்போலத்தான், வாய்க்குள் கதைக்கிறாள். எத்தனை பேர் என்று கேட்டாள். இரண்டு என்றேன். வாசலைப் பார்த்தாள். அங்கே மூன்று சோடி. மூன்றாவது, நீ விட்டுப்போன நீலச் செருப்பு.

"ஷுவரா அங்கிள்?"

இரண்டுதான், மற்றவள் சான் ஹோசே மேயரின் கணக்கு என்றேன். அம்மா எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டா.

உன் படிவத்தை இன்றைக்கே அனுப்பு. முதலாம் ஆள் என்ற இடத்தில் உன் பெயரை வடிவாக எழுது. ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுப்பேன்.

செருப்பு வாசலிலேயே இருக்கிறது.

அப்பா