உனக்காகப் பாடிய நூற்றிருபத்து நாலாம் சங்கீதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறோம், ஆனால் நேற்று நீ அனுப்பின செய்தியைப் படித்ததிலிருந்து என் சுகம் போய்விட்டது. உன் புருஷன் போனில் அழுதானாம், திருந்திவிட்டானாம், திரும்பிப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்கிறாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று ஓடி வருவார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நடந்ததை உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா என் வாயை அடைத்திருந்தாள். இனி சொல்லாமல் முடியாது. நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும், ஆபத்திலிருந்து யார் தப்பி வந்தாலும் அந்த வீட்டுப் பெரியவர் ஆராதனையில் சபைக்கு முன்னால் போய் நின்று நூற்றிருபத்து நாலாம் சங்கீதத்தின் முதல் வரியைத் தனியாகப் பாடுவார், சபை எழுந்து பதில் பாடும். நீ அவன் வீட்டை விட்டுப் பத்திரமாய் வெளியே வந்ததற்கு நானும் பாட வேண்டும் என்று சனிக்கிழமை பாடகர் ஒத்திகையில் சபைச் செயலாளரிடம் சொன்னேன். அந்த மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அண்ணே, அது எதிரிகள் கையிலிருந்து தப்பினவங்க பாடுறது, இது குடும்ப விவகாரம், மருமகன் எப்படி எதிரி ஆவார் என்கிறார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. போன மாதம் இவர் கிட்னியிலிருந்து கல்லை எடுத்ததற்கு இதே சங்கீதத்தை நாலு குரலில் பாடினோம், அடிக்குரலில் நான் தொண்டை வறளப் பாடினேன். இவருடைய கல் எதிரியாம், என் பிள்ளையின் கையை முறுக்கி உடைத்தவன் எதிரி இல்லையாம்! முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். போதகரோ, சமாதானமாய்ப் போகலாமே, அடுத்த மாதம் பார்ப்போம் என்று மழுப்பினார். அதற்குள் இன்னொரு கையும் உடையட்டும் என்றா?

ஞாயிறு காணிக்கைப் பாட்டு முடிந்ததும் யாரையும் கேட்காமல் பாடகர் வரிசையிலிருந்து இறங்கி முன்னால் நின்று ஆரம்பித்துவிட்டேன். கோபத்தில் சுருதியை எக்கச்சக்கமாய் மேலே பிடித்துவிட்டேன், எனக்கே எட்டவில்லை. ஆண்டவர் நம் பக்கம் இல்லாதிருந்தால் என்ற அந்த வரி முடிந்தது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு செயலாளரைப் பார்க்கிறாள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அப்போது பெண்கள் பக்கம் ஒரு குரல். உன் அம்மா! கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்று ஒரு வருஷமாய் என் உயிரை வாங்கின அதே அம்மா, கம்மின குரலில் பதில் பாடுகிறாள். அவள் பக்கத்திலிருந்த தையல்கடை அக்கா எழுந்தாள், பின்னால் யார் யாரோ எழுந்தார்கள். டீச்சரும் தட்டுத் தடுமாறி என் சுருதியைக் கண்டுபிடித்து வாசித்தாள். வேடனுடைய கண்ணி அறுந்து குருவி தப்புகிற வரிதான் அந்தச் சங்கீதத்தின் உச்சம், அந்த உயரத்தில் யாராலும் பாட முடியவில்லை, எல்லோரும் கத்தினோம். தையல்கடை அக்கா அழுதுகொண்டே கத்தினாள், அவள் வீட்டில் நடப்பது இந்தத் தெருவுக்கே தெரியும். செயலாளர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது சொல், தப்பின குருவி வேடன் அழுகிறான் என்று மறுபடியும் கண்ணியைத் தேடிப் போகுமா? அவன் அழுகை எனக்கும் தெரியும். உன் கை உடைந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இப்படித்தான் தேம்பினான், மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் மறுபடியும் அடித்தான். உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை. அவன்மேல் காட்ட வேண்டியதையும் சேர்த்து உன்மேல் கொட்டுகிறேன் என்று அம்மா சொல்கிறாள், இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நீ இப்போது இருக்கிற வீட்டின் வாசல் பூட்டை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? அவன் போன் வந்தால் எடுக்காதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
அப்பா

பின்குறிப்பு: எழுதினதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இத்தனை எழுதினீங்களே, போகாதேன்னு ஒரு வார்த்தை எழுதலையே என்றாள். அதை நீயே எழுது என்று பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

போகாதே கண்ணு.
அம்மா