பையில் ஒட்டிய சிவப்பு அம்பு

14, வியாழக்கிழமை.

கேமரா பை வாங்க ஆம்பூர் கடைவீதிக்கு என் மனைவி செல்வியையும் அழைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணம் எடுக்க வேண்டும். பழைய பையின் வார் அறுந்துவிட்டது.

இரண்டு கேமராவும் மூன்று லென்ஸும் அடங்குமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே பார்க்கவே இல்லை. பையைக் கவிழ்த்தாள், வாரை இழுத்தாள், தையலை நகத்தால் நெருடினாள். பதினொரு வருடம் ஷூ கம்பெனியில் அவள் செய்த வேலை அதுதான். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, உரித்து வாரின் அடியில் ஒட்டிவிட்டு, அடுத்த பைக்குக் கையை நீட்டினாள். குறை உள்ள ஷூவில் ஒட்டுகிற ஸ்டிக்கர். போன மாதம் கம்பெனியில் அவள் வேலை பார்த்த லைனையே மூடி, எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாம்மா, புதுப் பையில ஸ்டிக்கர் ஒட்டறீங்க?" என்றார் கடைக்காரர்.

அவள் தன் கையையே பார்த்தாள். "தெரியாம ஒட்டிட்டேண்ணா."

பிறகு என்னிடம் மெதுவாக, "அது வேணாங்க, ரிஜெக்ட்" என்றாள்.

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சத்தில் நான் ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பையையே வாங்கினேன்.  அவள் சொன்னதைக் கேட்காததில் எனக்கு வருத்தம்கூட வரவில்லை.

இரவாகிவிட்டது, அவள் தூங்கிவிட்டாள். இப்போதுதான் அம்பு காட்டிய இடத்தை விளக்கடியில் வைத்துத் தடவினேன். இரண்டு தையல் விட்டுப்போயிருக்கிறது.

நீ ஒட்டினது சரிதான் என்று அவளை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். எழுப்பவில்லை. லென்ஸ்களை எடுத்து அதே பையில் அடுக்கிவிட்டேன்.