நீங்கள் சொன்ன மீதிப் படம்

சிஸ்டர்,

வாரம் முழுவதும் தீக்காய வார்டில் நின்றுவிட்டு வருகிற ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைக்கிற கொஞ்ச நேர ஓய்வில், மனிதத் தோல் உரிகிற படத்தை எதற்காகத் தேடிப் பார்க்க வேண்டும்? உங்களிடமே கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள். நானாகச் சில பதில்களை யோசித்து வைத்திருந்தேன். எதுவும் நிற்கவில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

காலையில் குக்கர் ஆவி மணிக்கட்டில் பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். நீங்கள் எப்போதோ கொடுத்த வெள்ளைக் களிம்பு அலமாரியில் கிடந்தது. காலாவதியாகியிருக்கும், நீங்கள் பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள். தடவியதும் எழுந்த அந்த வாசனை உங்கள் சீருடையில் எப்போதும் இருந்ததுதான். அதே நேரத்தில் அண்ணாச்சியிடமிருந்து செய்தி வந்தது. நாளை மதியம் அந்தத் துருக்கிப் படம், செல்வியும் வருகிறாள், டீச்சர் கருத்து என்ன என்று கேட்டிருந்தார். ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் அண்ணாச்சியின் அச்சகத்து மாடியில்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. கீழே காலண்டர் அச்சாகும். மேலே காகிதக் கட்டுகளை ஒதுக்கிவிட்டுச் சுவரில் படம் போடுவார் அண்ணாச்சி. தாயில்பட்டியிலிருந்து மாரிச்சாமி வருவார், பட்டாசு லோடு ஓட்டுகிறவர், செல்வியின் கணவர். நான் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வரும் நீங்கள் செருப்பைக் கழற்றியதுமே கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்காவது பயமுறுத்துமா?”

பார்த்தவர்கள் கருத்துச் சொல்லாமல் படி இறங்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்ற இரண்டும் செல்லாது. “எந்த இடத்துல கண்ண மூடினீக? அத மட்டும் சொல்லுங்க” என்பீர்கள். மாரிச்சாமி கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார். அண்ணாச்சி பாதிப் படத்தில் தூங்கியதை மறைக்க ஏதாவது இடத்தைச் சொல்லி மாட்டிக்கொள்வார். நான் மட்டும் மூடவே இல்லை என்று சொல்லிவிட்டு, இந்தக் காட்சி எதைக் குறிக்கிறது, அந்த அறை எதன் உருவகம் என்று வகுப்பு எடுப்பேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாரிச்சாமியிடம் திரும்புவீர்கள். “டீச்சர் கண்ணாடியத் தொடைக்கிற சாக்குல மூடிக்கிடுவாக. நான் பாத்துட்டேன்.”

அந்தத் துருக்கிப் படத்தைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். இணையத்தில் பார்வையாளர்கள் எழுதியிருந்த கருத்துகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீங்கள் கேட்டுக்கொண்டே சுண்டல் தின்றீர்கள். பாதிப் பேர் மகத்தான படைப்பு என்றார்கள். மீதிப் பேர் குப்பை என்றார்கள். ஒருவர் இயக்குநரை வைத்தியரிடம் அழைத்துப் போகச் சொன்னார். ஒருவர், கனவுக்கு அர்த்தம் கேட்காதீர்கள், பார்த்துவிட்டு முகம் கழுவுங்கள் என்று எழுதியிருந்தார். ஒரு துருக்கிக்காரருக்கு மட்டும் வேறு வருத்தம். எங்கள் ஊரில் எந்தக் குளியல் மண்டபத்தையும் இவ்வளவு அழுக்காக வைத்திருக்க மாட்டார்கள் என்று கோபப்பட்டிருந்தார். அதற்குத்தான் நீங்கள் அப்படிச் சிரித்தீர்கள். “அம்புட்டு ரத்தம் ஓடுது, மனுசனுக்குத் தரை கூட்டலைன்னு கவலை. இதையே போடுவோம் அண்ணாச்சி.”

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பளிங்குக்கல் ஏற்றிய லாரி ஒன்று மலையில் வழி தவறுகிறது. வண்டிக்காரனும் ஆட்களும் குளிருக்கு ஒதுங்கப் பழைய குளியல் மண்டபம் ஒன்றுக்குள் நுழைகிறார்கள். ஒரு அறைக்குள் இன்னொரு அறை, அதற்குக் கீழே வேறொன்று. அறைகள் முடிவதே இல்லை. உள்ளே இருப்பவர்கள் வந்தவர்களைக் குளிப்பாட்டத் தொடங்குகிறார்கள். ஒருவன் முதுகில் ஒட்டிய ஈரத் துண்டை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வருகிறது. நான் கண்ணாடியைக் கழற்றினேன். “இது ரத்தமில்ல டீச்சர், சர்பத்து. ரத்தம் இம்புட்டு நேரம் செவப்பாவே இருக்காது” என்று நீங்கள் இருட்டில் சொன்னீர்கள்.

அப்போதுதான் படத்தில் எங்கோ அடியில் ஒரு கனமான கதவு மூடிக்கொண்டது. டம் என்ற ஒற்றைச் சத்தம். வேறெந்த ஊராக இருந்தாலும் ஜனங்கள் நாற்காலியில் துள்ளியிருப்பார்கள். சுற்றிலும் பட்டாசு ஆலைகள் இருக்கிற ஊரில் நாம் எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினோம். எந்தப் பக்கம் புகை எழுகிறது என்று தேடினோம். மாரிச்சாமி போனைக் கையில் எடுத்துவிட்டார். வானம் சுத்தமாக இருந்தது. அண்ணாச்சி படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி அந்தக் கதவை மூடிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். துருக்கியில் மூடின கதவுக்கு வெம்பக்கோட்டையில் புகை தேடின ஜனம் நாமாகத்தான் இருப்போம் என்றார் அண்ணாச்சி.

அதனால்தான் சற்று நேரம் கழித்து அடுத்த சத்தம் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. மாரிச்சாமி, “அடுத்த கதவு” என்று கேலிகூடச் செய்தார். நீங்கள் மட்டும் சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“அண்ணாச்சி, படத்துக்கு ஜன்னல் கண்ணாடி ஆடுமா?”

அவர் நிறுத்துவதற்குள் நீங்கள் செருப்பை மாட்டியிருந்தீர்கள். இந்த முறை புகை இருந்தது, தாயில்பட்டிப் பக்கம்.

சீசன் ஆர்டர் என்று செல்வியை அந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்குள்ள பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாரிச்சாமி அவள் எண்ணை அடித்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தினமும் நடப்பதுதான். உயிரோடு இருக்கிறவளின் போனும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும், இல்லாதவளின் போனும் அப்படித்தான். அவர் மறுபடி மறுபடி அடித்தார். நீங்கள் அவர் சட்டைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தீர்கள். “நீ ஓட்டக்கூடாதுலே. பின்னால உக்காரு” என்றீர்கள். அதுவரை அவரை நீங்கள் ‘லே’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

செல்வி உங்கள் வார்டுக்குத்தான் வந்தாள். கைகள், கழுத்து, முதுகில் பாதி.

நான் பார்க்க வந்த நாளில் அவளுக்குக் கட்டு மாற்றும் நேரம். மறைப்புத் துணிக்கு வெளியே என்னை நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றிக் கட்டை ஊறவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவளிடமிருந்து வந்ததை அழுகை என்று சொல்ல முடியாது. அதற்கு மேலே உங்கள் குரல், சந்தையில் விலை கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக வந்தது.

“வண்டிக்காரன் இப்ப அடுத்த ரூமுக்குள்ள போயிட்டான். உள்ள இருட்டு.”

“அங்க... யாரு இருக்கா?”

“ஒரு கெழவி. அவன் வெரல ஒவ்வொண்ணா ஒடிக்கா.”

“அவனுக்கு ரொம்ப வலிக்குதா சிஸ்டர்?”

“உன்னவிட வலிக்கு.”

“அப்ப சரி.”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீங்கள் வெளியே வந்ததும் கோபமாகத்தான் கேட்டேன், இந்த நிலையில் இருக்கிறவளிடம் இதையா சொல்வது என்று. நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள், ராஜா ராணிக் கதையெல்லாம் முதலிலேயே சொல்லிப் பார்த்தாயிற்று, காதில் ஏறவில்லை. மாரிச்சாமி எந்தப் படம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளாகத்தான் கேட்டாளாம். பாதிதான் பார்த்தோம் என்பதால் மீதிக் கதையை நீங்களே கட்டிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு அறை. என்னிடமும் கேட்டீர்கள், நாளைக்கு ஒரு அறை கொடுங்கள் டீச்சர் என்று. நான் யோசித்து, சுவர்களே இல்லாத, வெறும் வெளிச்சம் மட்டும் இருக்கிற ஒரு அறையைச் சொன்னேன்.

“அதெல்லாம் வலிக்கிற ஆளுக்கு ஏறாது டீச்சர். அங்கன ஒரு நாய் கெடக்குன்னு சொல்லிக்கிடுதேன்.”

உங்கள் கதையில் படத்தைவிட ரத்தம் அதிகம். அதைக் கேட்டுக்கொண்டே அவள் தன் முதுகைக் கொடுத்தாள். இதை நான் நம்ப விரும்பவில்லை. கதையால் வலி குறையும் என்று யாராவது கட்டுரை எழுதினால் ஆதாரம் கேட்கிற ஆள் நான். வலி குறைந்ததாக அவளும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அடுத்த அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி மீதிப் படத்தைப் பார்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் மறுத்துவிட்டீர்கள். “நான் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். அது இல்லைன்னு தெரிஞ்சா எனக்கு வாயில வராது. அவ எந்திரிச்சு வரட்டும், சேந்து பாத்துக்கிடுவோம்.” அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். பிறகு ஒரு காலையில், சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு அச்சகத்து மாடியில் படமே போடவில்லை.

நாளைதான் மறுபடி. மதியத்துக்கு மேல் செல்வியே எனக்குப் போன் செய்தாள்.

“நீங்க வேண்டாம்னு சொன்னீகளாமே டீச்சர்.”

சொன்னேன் என்றேன். துண்டு உரிக்கிற காட்சி ஒன்று வரும், அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாத ஒன்றில் அவளை உட்கார வைக்க மனம் வரவில்லை என்றேன். மாரிச்சாமியும் ராத்திரியில் அவள் அலறி எழுவதாகச் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன்.

போனில் அவளுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி கத்துவது கேட்டது.

“சிஸ்டர் அந்தத் துண்டு சீனத்தான் மொதல்ல சொன்னாக. எனக்கு அது தெரிஞ்சதுதான். முடிவுதான் தெரியணும். அந்த வண்டிக்காரன் வெளிய வந்துருவான்னு சிஸ்டர் சொன்னாக. வந்தானா?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. கருத்து எழுதியிருந்தவர்களில் சிலர் முடிவைச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த இடத்தை மட்டும் தாண்டிவிட்டிருந்தேன்.

“அப்ப நீங்களும் பாக்கணும்ல” என்றாள்.

பிறகு அண்ணாச்சிக்குப் போன் செய்து, போடுங்கள் என்றேன். சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. அவன் வெளியே வராவிட்டால் என்ன ஆகும்? அவள் அத்தனை நாள் பிடித்துக்கொண்டு கிடந்தது உங்கள் வார்த்தையை. அது பொய் என்று ஒரு சுவர் நிறையக் காட்டப் போகிறோம். நீங்கள் இருந்திருந்தால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். எனக்கு அந்தத் திறமை இல்லை. உங்களிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒன்றுதான். ஒரு படத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், எந்த இடத்தில் கண்ணை மூடினார் என்று என் மனம் இப்போது தானாகவே கேட்கிறது. மாணவிகளிடம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடம், படம் அல்லாத விஷயங்களிலும்கூட. வாய்விட்டுக் கேட்டதில்லை.

மேலே உள்ளதைச் சனிக்கிழமை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நான்கு பேர்தான் இருந்தோம். செல்வி முன்னால் உட்கார்ந்தாள், கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடாமல். படத்தை முதலிலிருந்து போட்டோம். துண்டுக் காட்சி வந்தபோது நான் சுவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் திரும்பாமலே, “படத்தப் பாருங்க டீச்சர்” என்றாள். பார்த்தேன். முடியவில்லை. கதவு மூடுகிற சத்தத்துக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை, ஆனால் மாரிச்சாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

வண்டிக்காரன் வெளியே வரவில்லை. கடைசி அறையின் கதவைத் திறக்கிறான், அது முதல் அறையாகவே இருக்கிறது. அங்கே அவனே குளிக்க உட்கார்ந்திருக்கிறான். அதோடு முடிந்துவிட்டது. அண்ணாச்சி விளக்கைப் போடத் தயங்கி நின்றார்.

உங்கள் சட்டப்படி கருத்துச் சொல்ல வேண்டும். மாரிச்சாமி முழுப் படமும் கண்ணை மூடியிருந்ததாகச் சொன்னார். அண்ணாச்சி தூங்கவில்லை என்று சத்தியம் செய்தார். என் முறை வந்தது. துண்டு உரிக்கிற இடத்தில் மூடிக்கொண்டேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். செல்வியை யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

“நான் மூடல. மூடுனா எனக்கு வேற ஓடும். இது பரவால்ல.”

மாரிச்சாமி டீ வாங்கக் கீழே போனார். செல்வி எழுந்து சுவருக்கு அருகே போய், படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னாள். சிஸ்டர் சும்மா சொல்லியிருக்க மாட்டாக, இங்கன எங்கயோ வழி இருக்கு என்றாள். அண்ணாச்சி ஓட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு அறையாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். உங்கள் கதைப்படி நாய் கிடந்திருக்க வேண்டிய அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வண்டிக்காரன் கவனிக்காமல் கடந்துபோகிற இடத்தில், சுவரில் ஒரு கதவு இருந்தது. கொஞ்சம் திறந்திருந்தது.

செல்வி அதன்மேல் கையை வைத்தாள். வெளிச்சம் அவள் கைமேல் விழுந்தது. “இதுதான்” என்றாள்.