செத்தவளின் அந்தரங்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

நடு அக்கா எழுதிக்கொள்வது. நம் வழக்கு தோற்றுவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆளைப் பற்றிப் பேச்செடுத்தாலே என் குரல் ஏறிவிடுகிறது, எதிர்வீட்டில் ஜன்னலைத் திறக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

தூரத்தில் இருப்பதால் உனக்குப் பாதிதான் தெரியும். பெரியக்காவைக் கொண்டுபோன குடல் புற்றுநோய் வழிவழியாக வருவதாக இருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்பட்டார். அம்மாவும் வயிற்றுவலி வயிற்றுவலி என்றே போய்ச் சேர்ந்தாள். என்ன நோய் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடும். ஆனால் பெரிய கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏதோ ஒரு லேப் எல்லோரையும் பயமுறுத்திச் சோதனை செய்து சம்பாதித்ததாம், அதைத் தடுக்கப் போட்ட தீர்ப்பு. நோய் வந்தவரின் மரபணுச் சோதனை முடிவு கையில் இருந்தால்தான் மற்ற உறவுகளுக்குச் சோதனை. அவர் இறந்துபோயிருந்தால், அவர் உடம்பிலிருந்து எடுத்து வைத்ததைச் சோதிக்கக் கணவனோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டும்.

அக்காவின் கட்டியில் ஒரு துண்டு, மெழுகில் பதித்து, ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு கையெழுத்து. அத்தான் போடமாட்டேன் என்றுவிட்டார். அத்தான் என்று எழுதவே கை கூசுகிறது.

நான் கண்ணாடிக் கடையிலிருந்து, விரலில் லென்ஸ் தேய்த்த தூள்கூடப் போகாமல், நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். சோபாவில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டே, "போய்ச் சேர்ந்தவளை எதுக்குத் தோண்டுறீங்க? நாளைக்கு என் பொண்ணு பாப்புவுக்கு வரன் பார்க்கணும். சீக்குப் பிடிச்ச குடும்பம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா?" என்றார். வெட்டிய நகம் ஒன்று என் காலருகே வந்து விழுந்தது.

அப்புறம்தான் கோர்ட்டுக்குப் போனோம். முதலில் வராந்தாவில் காத்து நின்றோம். ஒரு பக்கம் கக்கூஸ் நாற்றம், இன்னொரு பக்கம் அவர் போட்டு வந்த சென்ட். அவருடைய வக்கீல் பிஸ்கட் தின்றுகொண்டே அக்காவை 'அந்தத் திசு' என்றார். உள்ளே போனதும் வாயைத் துடைத்துக்கொண்டு, இறந்த பெண்ணின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு கணவர் போராடுகிறார் என்று ஆரம்பித்தார். அந்தரங்கமாம்! அக்கா படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளுக்கு எத்தனை தடவை போனது, எப்படிப் போனது என்று அவள் காதுபடச் சொன்னவர் இவர். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாளே, அதை நீ பார்த்ததில்லை. இப்போது மடிப்புக் கலையாத கைக்குட்டையால் இல்லாத கண்ணீரை ஒற்றிக்கொண்டார்.

நீதிபதி நல்ல மனுஷர்தான். உங்கள் நிலை புரிகிறது, ஆனால் மேல்கோர்ட் தீர்ப்பை மீற எனக்கு அதிகாரமில்லை என்றார். அவருடைய வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வெளியே வந்து வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

இனிதான் உனக்குத் தெரியாதது. தீர்ப்பு வந்த மறுவாரம் பாப்பு என் கடைக்கு வந்தாள். அதே மேல்கோர்ட் தீர்ப்பில், நோயாளி பெற்ற பிள்ளைக்கு மட்டும் விலக்கு இருக்கிறதாம், அந்தப் பிள்ளையின் முடிவை வைத்து மற்ற உறவுகளும் சோதித்துக்கொள்ளலாமாம். மேஜர் ஆகியிருந்தால் போதும். அவள் மேஜர் ஆனது அந்த வாரம்தான். "சித்தி, அம்மாவோடதுக்குத்தானே அப்பா கையெழுத்து வேணும்? என் ரத்தத்துக்கு நானே போடுறேன்" என்றாள். அவசரப்படாதே, யோசித்துக்கொள் என்றேன். "யோசிச்சாச்சு, கிளம்புங்க" என்று என் கைப்பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டாள்.

அவளுக்கு இருக்கிறது, சின்னவளே. புற்றைக் கொண்டுவரும் அந்த மரபணுப் பிழை அவளிடம் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபோது குழந்தை அழவில்லை. "அப்போ சித்திங்க ரெண்டு பேருக்கும் இப்ப பார்க்கலாம்தானே?" என்றுதான் கேட்டாள். நான்தான் அழுதேன்.

எனக்கும் இருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்ததில் குடலில் ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது, எடுத்துவிட்டார்கள். இன்னும் புற்றாக மாறவில்லை. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். ஒரு மனுஷன் தன் கௌரவத்துக்காக இதைப் பூட்டி வைத்திருந்தான், அதற்குச் சட்டம் சாவி கொடுத்தது. பாப்பு அவர் வீட்டை விட்டு என்னோடு வந்துவிட்டாள். அவர் போன் செய்தார். எடுத்துப் பேச அருவருப்பாக இருந்தது, வைத்துவிட்டேன்.

பாப்புவின் சோதனை முடிவையும் என்னுடையதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே எந்த டாக்டரிடம் காட்டினாலும் உன் மரபணுவில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று தெரியும். போன வாரம் பேசும்போது, கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை, இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சிரித்தாய். அக்காவும் முதலில் சாப்பாட்டைத்தான் குறை சொன்னாள்.

வேலை, லீவு என்று எதுவும் சொல்லாதே. கடிதம் கிடைத்த அன்றே போ. தனியாகப் போகப் பயமாக இருந்தால் சொல், நான் கிளம்பி வருகிறேன். நீ நூறு வயது இருந்து என்னோடு சண்டை போட வேண்டும், கண்ணு.

உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்,
நடு அக்கா