லைனில் காத்திருந்த பாப்பா

என்னங்க, சோற்றைக் குழைய வேகவைத்து மூடி வைத்திருக்கிறேன். பாப்பா எழுந்ததும் ஊட்டிவிட்டு, காய்ச்சல் மருந்தைக் கொடுங்கள்.

"பெத்த பொண்ணு குரல்கூடவா தெரியல?" என்று ராத்திரி கத்தினீர்கள். தெரியவில்லைதான். எங்கள் ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் ஒரு போனுக்கு இரண்டே நிமிடம். தாண்டினால் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். "உடம்பு சுடுது" என்று எல்லோரும் சொல்வதைத்தான் நேற்று என்னைத் தேடி அங்கே போன் செய்த பாப்பாவும் சொன்னாள். "பேஷண்ட் நம்பர் எடுத்துட்டு லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் பிள்ளை அந்தக் காத்திருப்புப் பாட்டையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பக்கத்து அறையில் தூங்கிய உங்களை அவள் ஏன் எழுப்பவில்லை என்று நான் கேட்டேனா?

இன்றைக்கும் லீவு இல்லை.

பி.கு.: நேற்று அதிக போன் எடுத்தது நான்தானாம், சாயங்காலம் கைதட்டப் போகிறார்கள். பாப்பாவின் போனையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள்.