சுவாமியார் ஊற்றாத தண்ணீர்

இல்லை, என் அன்பான அப்பா, நீங்கள் பிறந்தபோது ஞானஸ்நானத் தண்ணீரைச் சுவாமியார் ஊற்றவில்லை. அதனால்தான் எத்தனை பேர் தேடியும் உங்கள் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் இருக்கிறது. விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கலியாணத்துக்கு முன் கண்டிக் கோயிலில் ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். உங்களிடம் இல்லை. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்து, மிஷன் விடுதியில் அநாதையாக வளர்ந்தவர் நீங்கள். தாய் ஞானம்மா, தகப்பன் சவரிமுத்து. அதற்கு மேல் தெரியாது. கோயில் புத்தகத்தில் தேடினார்கள். இல்லை. மாப்பிள்ளையாக நின்ற உங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், ஒரு நிபந்தனையோடு: "ஒருவேளை நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்."

லத்தீனில் சொன்ன அதன் பொருளை அம்மாவின் அண்ணன் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் எந்த விருந்திலும் மாமாவின் குரல்தான். "வாங்க, ஒருவேளை மச்சான்! ஒருவேளை கிறிஸ்தவருக்கு ஒரு கதிரை போடுங்கப்பா!" எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் யார் கெஞ்சினாலும் ஒரு பிள்ளைக்கும் ஞானத்தகப்பனாக நின்றதில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்களே. "எங்கம்மா என்னைய தண்ணி ஊத்தாம சும்மாவே விட்டுட்டுப் போயிட்டாளா, புள்ள? அந்த ஒருவேளை அங்கயும் என்கூட வருமா?"

கொழும்பில் லத்தீனும் தத்துவமும் படித்துவிட்டு வந்திருந்தேன். உங்கள் போர்வையை இழுத்துவிட்டேன்.

உங்களுக்குப் பின் என்னென்னவோ நடந்துவிட்டது. தேயிலை விலை விழுந்து கிடக்கிறது. பெண்களுக்கும் வாக்கு வந்தது. அம்மா போய்ப் போட்டாள், யாருக்கு என்று சொல்ல மறுக்கிறாள். நான் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கோயில் அறையில் உட்கார்ந்தேன்.

முன்பு தேடியவர்கள் உங்கள் பெயரைத் தேடினார்கள். நான் தோட்டத்தைத் தேடினேன். ஹுன்னஸ்கிரியப் பிள்ளைகள் எல்லாரையும், வரி வரியாக. பிறந்த நாள். தண்ணீர் ஊற்றிய நாள். பெற்றவர்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன். கடைசியில் சுவாமியாரின் கையெழுத்து. யாரோ ஒரு பிள்ளையின் வரிக்கு அருகே, ஓரத்தில், சிறிய சிலுவைக் குறி. பக்கத்தில் லத்தீனில்: முடிவில் காண்க.

முடிவில் ஒன்றும் இல்லை. வெற்றுத் தாள்கள். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து திறந்தேன். அங்கே இன்னொரு புத்தகம் தொடங்கியது. சாகக் கிடந்த பிள்ளைகளுக்கு லயத்து வரிசை வீடுகளில் அவசரமாக ஊற்றிய தண்ணீரை, தோட்டத்துக்கு எப்போதாவது வரும் சுவாமியார் விசாரித்து, அங்கே தனியாக எழுதியிருந்தார். முன்னால் சிலுவைக் குறி இருந்தது அப்படிப் பிழைத்துக் கோயிலுக்கு வந்த ஒரு பிள்ளைக்கு.

அங்கே நீங்கள்.

அந்தோணி. ஞானம்மாவின் மகன். தகப்பன் சவரிமுத்து, காலஞ்சென்றவர். பிள்ளை பிழைக்காது என்ற நிலை. தாய் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாள். ஊற்றியவள் மீனாட்சி, அடுத்த காம்பராவில் இருப்பவள், இந்து. சுவாமியார் மேலும் எழுதுகிறார்: 'என்ன சொல்லி ஊற்றினாய் என்று கேட்டேன். ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னாள். யார் கற்பித்தது என்று கேட்டேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஞானம்மா சொல்லித்தந்தாள் என்றாள். இந்த ஞானஸ்நானம் செல்லும்.'

செல்லும், அப்பா.

சும்மா விடவில்லை. நீங்கள் பிறப்பதற்கு முன்பே, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று யோசித்திருக்கிறாள். எங்கே சொல்லிக்கொடுத்தாள்? கொழுந்து பறிக்கும் மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்றா? மீனாட்சி சிரித்தாளா? தன் சாமியிடம் அனுமதி கேட்டாளா?

புத்தகத்தை இப்போதைய சுவாமியாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிதானமாக வாசித்தார். "நாங்கள் உன் தகப்பனாருக்கு ஊற்றியது தேவையில்லாத தண்ணீர், மகளே" என்றார். நிபந்தனையோடு ஊற்றிய பதிவின் ஓரத்தில் அதை எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு முத்திரையோடு ஒரு பிரதி தந்தார்.

நேரே மாமாவின் கடைக்குப் போனேன். நல்ல கூட்டம்.

"மாமா, இத கொஞ்சம் வாசிங்க."

"எனக்கு எங்கம்மா லத்தீன் தெரியும்?"

"ஒரு சொல்லு மட்டும் நல்லாத் தெரியுமே."

யாரோ சிரித்தார்கள். நான் உரக்கத் தமிழில் வாசித்தேன். மாமா தராசைக் கீழே வைத்தார். "இந்துப் பொம்பள ஊத்தினா எப்படிம்மா செல்லும்?"

"ஆபத்துக்கு யாரு ஊத்தினாலும் செல்லும். முத்திரையப் பாருங்க. பத்தலன்னா ரோமாபுரிக்கு எழுதிக் கேளுங்க."

அவர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "என்னோடது எழுதியிருக்கான்னு நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"பாப்போம் மாமா. ஒருவேளை இருக்கும்."

கடை முழுவதும் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார், அப்பா. நீங்கள் அங்கே இல்லாமல் போனீர்களே.

உங்கள் பதிவில் ஞானத்தாயின் இடம் வெறுமையாக இருக்கிறது. இந்துவான மீனாட்சியின் பெயரை அங்கே எழுத விதி இல்லை என்கிறார் சுவாமியார். இருக்கட்டும். மீனாட்சியின் மக்களோ பேரப்பிள்ளைகளோ அந்தத் தோட்டத்தில் இருந்தால் தேடிப் பிடிப்பேன். அவர்கள் வாசலில் நின்று, அந்தப் பிள்ளை பிழைத்தது என்று சொல்வேன். வளர்ந்தது, கலியாணம் கட்டியது, என்னைப் பெற்றது என்று சொல்வேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மகள்,
ஞானம்மாவின் பேத்தி,
ரெஜினா

இதை எழுதி முடித்ததும் அம்மாவைச் சேலை மாற்றச் சொன்னேன். இருவரும் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினோம்.